காலிக் கூடையின் எடை

ஜனவரி 9

அன்புள்ள பூசணிக்கு,

அக்கா எழுதுவது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா? பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் எலும்பு நொறுங்காமல் இறங்கினானா? இங்கே நான் நலம், உன் மாமா நலம். உன் மருமகள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள், அவளும் நலம்.

இவள் என்ன புதுசாகக் கடிதம் போடுகிறாள் என்று முழிக்காதே. போனில் பேசினால் நீ மூக்கை உறிஞ்சுகிறாய், எனக்குச் சிரிப்பு வருகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் இந்த மெஷின் என் இடது கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தை உருவி, அலசி, திரும்ப உள்ளே விடுகிறது. துணி துவைக்கிற மாதிரிதான், பிழிவது மட்டும் இல்லை. வலது கை சும்மா கிடக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ எடை மெஷின் மேல் ஏறும்போது நர்ஸம்மா ஒரு அடி பின்னால் போனாளே, பார்த்தாயா? எனக்கு மெஷின் நிலைமையை நினைத்துத்தான் கவலை. டாக்டர் சொல்லும் முன்னாலேயே நான் உன் மாமா காதில் “நூத்தி நாலு” என்றேன். பதினேழு வருஷம் காய்கறி மொத்தக் கடையில் தராசு முன்னால் உட்கார்ந்தவளடா நான். மூட்டையைப் பார்த்தால் எடை சொல்வேன், உன்னைப் பார்த்துச் சொல்ல மாட்டேனா?

“நூத்தி நாலு கிலோவை வச்சுக்கிட்டுக் கிட்னி குடுக்க முடியாதுங்க. ஆபரேஷன் உங்களுக்கே ஆபத்து. எண்பத்தெட்டுக்கு வாங்க. ஜூன்ல திரும்பப் பாக்கலாம்” என்றார் அவர். நீ என்னமோ பள்ளிக்கூடத்தில் பெயிலானவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டாய். உனக்குப் பெயில் ஆவது புதுசா?

உன் மாமா ரத்தம் எனக்குச் சேரவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியே சேராதது இப்போது மட்டும் சேர்ந்துவிடுமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. சேர்ந்தது உன்னுடையது ஒன்றுதான். அதற்காக நீ ஒன்றும் தலைகீழாக நிற்க வேண்டாம். மெதுவாக ஆகட்டும். எனக்கு இங்கே நல்ல துணை இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் ரிட்டையர் ஆன கண்டக்டர் ஒருத்தர். “கடைசி ஸ்டாப் வரைக்கும் போற பஸ்ஸும்மா இது, சாஞ்சு உக்காருங்க” என்பார்.

உன் வீட்டுக்காரிக்கும் இரண்டு வாண்டுகளுக்கும் என் அன்பு. சின்னது கன்னத்தைக் கிள்ளிவிடு, அழுதால் அக்கா கிள்ளச் சொன்னாள் என்று சொல்.

இப்படிக்கு,
மெஷின் வைத்திருக்கும் மகாராணி, உன் அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? மகாராணிக் கதை வேண்டாம், நிஜத்தைச் சொல்.

நான் ஆரம்பித்துவிட்டேன். வண்டி ஓட்டுகிற எனக்கு நாளெல்லாம் உட்காருவதுதான் வேலை, அதனால் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே. போனில் ஒரு ஆப் போட்டிருக்கிறேன். வாய்க்குள் போவதை எல்லாம் அதில் எழுத வேண்டும். ஒரு முட்டைக்கு இத்தனை கலோரி, ஒரு கரண்டி சோற்றுக்கு இத்தனை கலோரி என்று அது கூட்டிக்கொண்டே வரும். சாயங்காலம் ஆகும்போது சிவப்பாக மாறிவிடும். சிவப்பைப் பார்த்தால் எனக்கு அவமானமாக இருக்கிறது. டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். வீட்டில் வேகவைத்த காய், வெள்ளரிக்காய், மறுபடியும் வேகவைத்த காய். பிள்ளைகள் நான் சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் தட்டை மறைத்துக்கொள்கிறார்கள்.

வேலை முடிந்ததும் நான் லோடு எடுக்கிற கிடங்கைச் சுற்றி நடக்கிறேன். லாரிகள் பின்னால் வருகிற சத்தம், டயர் நாற்றம். லோடு ஏற்றுகிறவர்கள் கை தட்டுகிறார்கள். முதல் வாரம் முழங்கால் வீங்கிவிட்டது.

ஆனால் ஒரு சந்தோஷம். வீட்டில் எடை மெஷின் இல்லை. கிடங்கில் கூடைகளை எடை போடும் பழைய முள் தராசு ஒன்று உண்டு, தரையோடு தரையாகப் பலகை. எடை போடுகிறவர் சாப்பிடப் போன நேரத்தில் ஏறி நின்றேன். கிழட்டுத் தராசு, சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் ஏறினால் ஜம்மென்று ஒரே இடத்தில் நிற்கிறது. தொண்ணூற்றாறு! மூன்று வாரத்தில் எட்டு கிலோ! நம்ப முடியாமல் இறங்கி இன்னொரு தடவை ஏறினேன். அதேதான்.

இப்படிப் போனால் ஏப்ரலிலேயே வந்துவிடுவேன். அதுவரை நீ தைரியமாக இரு.

உன் தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள பாதிப் பூசணிக்கு,

அக்கா. நலம், நலம், நூறு தடவை நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, கடிதமே மெலிந்து வந்திருக்கிறது.

அட, எட்டு கிலோவா! உன் சின்னது பிறந்து ஆறு மாதத்தில் அவ்வளவுதான் இருந்தாள். ஒரு குழந்தையை இறக்கி வைத்துவிட்டாயே! உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்டக்டருக்கும் வாசித்துக் காட்டினேன். “தம்பி எக்ஸ்பிரஸ்ஸாக்கும்” என்றார்.

அதென்ன உன் போனுக்குள் ஒரு மாமியார் குடிவந்திருக்கிறாள் போலிருக்கிறதே. தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாளாம், கரண்டியை எண்ணுவாளாம், சாயங்காலம் ஆனால் முகம் சிவப்பாளாம். கல்யாணம் கட்டி வந்தபோது எனக்கு வாய்த்தவளும் இப்படித்தான், என்ன, சார்ஜ் தீராது. நீ சோற்றை எண்ணு, நான் தண்ணீரை எண்ணுகிறேன். எனக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று ஒரு பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் பிடித்து வைத்திருந்து, சாயங்காலம் ஒரே மடக்காகக் குடிப்பேன். அது ஒரு சுகம், உனக்குத் தெரியாது.

தராசைப் பற்றி ஏதோ எழுத வந்தேன். அதற்குள் நர்ஸம்மா வந்து ஊசியைச் சரி பண்ணினாள், மறந்துபோச்சு. பெரிய விஷயமாக இருக்காது.

நான் சொல்வதைக் கேள். இவ்வளவு வேகம் வேண்டாம். எட்டு கிலோ இறக்கினவன் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் குறைந்துபோக மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மாமியாரை அலமாரியில் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடு. அவசரம் யாருக்கு? எனக்கு இந்த நாற்காலி பழகிவிட்டது. ஆட்டி ஆட்டிச் சாய்க்கலாம், கால் நீட்டலாம்.

உன் வீட்டுக்காரியிடம் சொல், வேகவைத்த காயையே போட்டால் புருஷன் ஓடிப்போவான் என்று.

இப்படிக்கு,
கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத ஒன்றும் இல்லை, அதுதான் காரணம்.

முள் தொண்ணூற்று மூன்றில் நிற்கிறது. மூன்று வாரமாக அங்கேயே நிற்கிறது. அதே காய், அதே நடை, அதே வெள்ளரிக்காய். ஆப் எல்லாவற்றையும் பச்சையாகக் காட்டுகிறது, சபாஷ் என்று ஒரு பொம்மை கை தட்டுகிறது. தராசு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

செவ்வாய்க்கிழமை டெலிவரி முடிந்து வண்டியை ஓரமாக நிறுத்தினேன். மழை. சீட்டுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு வாங்கி வைத்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது. ஒன்று எடுத்தேன். அப்புறம் வைப்பர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பாக்கெட்டைக் காலி செய்தேன். அதை ஆப்பில் எழுதினேன் அக்கா. ஒன்று விடாமல் எழுதினேன். எழுதும்போதுதான் அழுகை வந்தது. ஒரு பிஸ்கட்டுக்கு அழுகிற ஆம்பிளையை நீ பார்த்திருக்க மாட்டாய்.

வீட்டில் என்னோடு பேசப் பயப்படுகிறார்கள். “பசியில இருக்கிற மனுஷன்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசக்கூடாதுன்னு பிள்ளைங்களுக்கே தெரிஞ்சுபோச்சு” என்கிறாள் இவள். சொல்லிவிட்டு அவளும் என்னோடு அதே காயைத்தான் சாப்பிடுகிறாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மூன்று மாதமாகிறது. நீ கேலி பண்ணுகிறாய், சிரிக்க வைக்கிறாய், எல்லாம் சரி. ஆனால் ஒரு தடவைகூட ‘எவ்வளவு குறைஞ்சே?’ என்று நீ கேட்டதில்லை. நானாகத்தான் சொல்கிறேன். ஓடுகிறவனுக்கு, அந்தப் பக்கம் யாராவது பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள பிஸ்கட் திருடனுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். பிள்ளைகளின் பிஸ்கட்டைத் தின்றதற்கு உன்னை ஜெயிலில் போடலாம், ஆனால் நீ கம்பி வழியாக வெளியே வந்துவிடுகிற அளவுக்கு இன்னும் மெலியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் நிற்கிறது என்றால் உடம்பு போதும் என்று சொல்கிறது. போதும்டா. விட்டுவிடு. நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். நடுத்தெருவில் மழைக்குள் உட்கார்ந்து அழுகிற அளவுக்கு இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எனக்கு வேறு வழியும் இருக்கிறதாம். இறந்துபோனவர்களிடமிருந்து எடுத்து வைப்பார்களாம், அதற்கு வரிசையில் என் பேரும் இருக்கிறது. வரிசை கொஞ்சம் நீளம்தான். எனக்கு வரிசையில் நின்று பழக்கம், ரேஷனில் நிற்காத வரிசையா? முன்னால் நிற்கிறவளிடம் பேச்சுக் கொடுத்தால் நேரம் போவதே தெரியாது.

கண்டக்டர் இரண்டு தடவையாக வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பார். அவர் நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்கள், சிரிக்கத் தெரியாதவள். மெல்ல மெல்லச் சிரிக்க வைக்க வேண்டும்.

நீ எழுதினது எல்லாம் வந்தது. பார்த்துக்கொண்டுதான்

மாமா, நான் எழுதுறேன். அம்மாவுக்குக் கை மரத்துப்போச்சு, மிச்சத்தை என்னை எழுதச் சொன்னாங்க. நல்லா இருக்கேன்னு எழுதச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை நல்லா சாப்பிடச் சொன்னாங்க. அவ்வளவுதான் மாமா.


ஏப்ரல் 14

மச்சானுக்கு,

உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

போன மாதத்தில் இரண்டு தடவை நெஞ்சில் நீர் கோத்து மூச்சுத் திணறிவிட்டது. கையில் ஊசி போடுகிற இடம் கெட்டுவிட்டது. இப்போது கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். தம்பி எப்போது வருவார் என்று டாக்டர் கேட்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் தவறிவிட்டார். உன் அக்கா அன்று வீட்டுக்கு வந்து ஒரு நகைச்சுவையும் சொல்லவில்லை.

நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

மாமா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கை மரத்துப்போனது சரியாகிவிட்டதா?

நீ விட்டுவிடச் சொன்னாய். விடவில்லை. அதற்காக எனக்குப் பெரிய உற்சாகம் வந்துவிட்டது என்று நினைக்காதே. அது போய் ரொம்ப நாளாகிறது. ஆரம்பத்தில் காலையில் எழும்போது ஒரு துடிப்பு இருந்தது, இன்றைக்கு எவ்வளவு இறங்கியிருக்கும் என்று. இப்போது ஒன்றும் இல்லை. எழுகிறேன், செருப்பைக் கழற்றி ஷூவை மாட்டுகிறேன். ஷூ மாட்டின பிறகு நடக்காமல் நின்றால் அசிங்கமாக இருக்கிறது, அதனால் நடக்கிறேன். அவ்வளவுதான். பசி இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், வண்டியில் எஞ்சின் சத்தம் மாதிரி.

இப்போதெல்லாம் வண்டியை ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறேன். மாடி வீடுகளுக்கு லிப்டில் போவதில்லை. ஒரு கிழவி கதவைத் திறந்து, “லிப்ட் கெட்டுப்போச்சாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் பாட்டி என்றேன். மறுநாள் அவளும் பாவம் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். தாங்கிப் பிடித்து லிப்டில் ஏற்றிவிட்டேன். திட்டுகிறாள், இன்னும் திட்டுகிறாள்.

இது உன்னைச் சிரிக்க வைக்க எழுதினது. சிரித்தாயா?

முள் தொண்ணூறு காட்டுகிறது. இன்னும் இரண்டு. ஜூன் பத்தாம் தேதி லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன்.

தம்பி


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலம். அந்தக் கிழவிக்கு என் பேரில் மன்னிப்புக் கேள். சிரித்தேன், நர்ஸம்மா ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். இப்போது எனக்கு இரண்டு கையும் சும்மாதான் இருக்கிறது, அதனால் ஒரு கையால் எழுதிக்கொண்டு இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதி.

ஜூனில் எதற்கு வருகிறாய்? வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீ வந்தால் மின்விசிறியை உன் பக்கம் திருப்ப வேண்டும், உன் மாமா வேர்த்தே கரைந்துபோவார். வருஷக் கடைசியில் வா, குளிர்ச்சியாக இருக்கும். பிள்ளைகளையும் கூட்டி வா.

உன் பெரியவன் இன்னும் ராத்திரியில் உன் மேல் கால் போட்டுத்தான் தூங்குகிறானா? சின்னது உன் தோளில் ஏறி உட்கார்ந்துதான் கடைக்குப் போகிறதா? உன்னிடம் இருக்கிற உடம்பு அதுகளுக்கு வேண்டியது. வண்டி ஓட்டுகிறவன், பெட்டி தூக்குகிறவன். நான் என்ன தூக்கப்போகிறேன், பேனாவைத் தவிர?

எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. வராதே.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் விசாரிக்க என்ன இருக்கிறது? கழுத்தில் குழாயை மறைக்க, அந்த வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாய். அதுவும் சிரித்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி மெஷினில் ஏறினேன். தொண்ணூற்று நாலு. இறங்கி, சட்டைப் பையில் இருந்த போனை எடுத்து வைத்துவிட்டு ஏறினேன். தொண்ணூற்று நாலு. “நல்லாத்தான் குறைச்சிருக்கீங்க, ஆனா இன்னும் ஆறு கிலோ வேணுமே” என்றார் டாக்டர். நான் உன்னைப் பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய். உன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

வந்ததும் கிடங்கில் எடை போடுகிறவரைப் பிடித்தேன். தராசு கெட்டுப்போயிருக்கிறது என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இத்தனை வருஷமா இங்க வண்டி ஓட்டுற, இதுகூடத் தெரியாதா? நாங்க எடை போடுறது இரும்புக் கூடையோடய்யா. கூடை எடையைத் தினம் யாரு கழிச்சுக்கிட்டு இருப்பா? முள்ளையே ஆறு கிலோ கீழ தள்ளி வச்சிருக்கோம். கூடையை வச்சாத்தான் பூஜ்யத்துக்கு வரும். நீ கூடை இல்லாம ஏறினா ஆறு கம்மியாத்தான் காட்டும்.”

ஆறு மாதமாக ஒரு காலிக் கூடையைக் கழித்துவிட்டு என்னை எடை போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது. நான் வண்டிக்காரன். ஆனால் முள் பூஜ்யத்துக்குக் கீழே தொங்குகிறது என்று உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேனே. பதினேழு வருஷம் தராசு முன்னால் உட்கார்ந்தவள் நீ. ஆளைப் பார்த்தே எடை சொல்கிறவள். பஸ் ஸ்டாண்டிலேயே உனக்குத் தெரியும்.

தெரிந்துதானே சும்மா இருந்தாய்? நிஜ எடை தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நடந்திருப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டிருக்க மாட்டேன். ஜூனுக்குள் முடித்திருப்பேன் அக்கா.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

தம்பி


ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம், தெரியும். கடையில் நானே காலையில் வந்ததும் முள்ளைத் தள்ளி வைப்பேன். கூடை எடையைக் கழிப்பது எங்கள் கைப்பழக்கம். உன் கடிதத்தை வாசிக்கும்போதே சிரிப்பு வந்தது. எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அப்புறம் எழுதவில்லை.

நான் வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்க மாட்டாய். சின்ன வயசிலிருந்து நான் எதை வேண்டாம் என்றாலும் அதைத்தான் செய்வாய். டாக்டர் வேண்டாம் என்று சொல்லட்டும், தராசு சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். நீயும் முயற்சி பண்ணினாய், முடியவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று ஆகிவிடும். அப்படித்தான் நினைத்தேன்.

கிட்னி ஒன்று இருந்தால் போதும், ஆள் நன்றாக வாழலாம் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு இரண்டு இருந்ததடா. இரண்டும் போச்சு. உனக்கும் எனக்கும் ஓடுவது ஒரே அப்பா ரத்தம்தானே? இன்றைக்கு உன்னிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு, நாளைக்கு உனக்கு இது வந்தால், நான் எதை எடுத்துத் திருப்பித் தருவேன்? உன் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து என்ன நகைச்சுவை சொல்வேன்?

கண்டக்டர் மகள் வீட்டுக்குப் போகவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும், உன் மாமா கடிதம் போட்டதும் எனக்குத் தெரியும். பேனாவை மூடி போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார், பெரிய ரகசியக்காரர்.

உனக்குக் களைப்பு என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான். மெஷின்கூடப் பரவாயில்லை. வருகிறவர்களை எல்லாம் சிரிக்க வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது பார், அதுதான் முடியவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தை ரொம்ப நாள் வண்டியிலேயே வைத்திருந்தேன். கோபம் தீரட்டும் என்று காத்திருந்தேன். தீர்ந்ததா என்று தெரியவில்லை, நடக்க நடக்க எங்கேயோ உதிர்ந்துவிட்டது.

போன வாரம் இங்கே உள்ள ஆஸ்பத்திரியில் போய், நீ கேட்டதை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டேன். உனக்கு வந்தது எனக்கும் வருமா என்று. என் ஜனவரி மாத ரிப்போர்ட்டையும் இப்போது எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “அப்ப உங்களுக்குச் சர்க்கரை எல்லைல நின்னுது, பிரஷர் ஏறி இருந்தது. அப்படியே போயிருந்தா உங்க அக்கா உக்காந்திருக்கிற நாற்காலிக்கு நீங்களும் போயிருக்கலாம். இப்ப ரெண்டும் இறங்கிடுச்சு. ஏறாம வச்சுக்கிட்டீங்கன்னா குடுக்கிறதுல பயம் இல்லை” என்றார். ஏறாமல் வைத்துக்கொள்வது என்றால் சாகிற வரைக்கும் வெள்ளரிக்காய் என்று அர்த்தம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எனக்கு எதைத் திருப்பித் தருவது என்று கேட்டாய். முன்னாலேயே தந்துவிட்டாய் அக்கா. உனக்கு இது வராமல் இருந்திருந்தால் நான் இந்த ஷூவை மாட்டியிருக்க மாட்டேன்.

கிடங்கில் இப்போது எடை போடுகிறவரே என்னைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். முதலில் காலிக் கூடையை வைக்கிறார், முள் பூஜ்யத்துக்கு வருகிறது. அப்புறம் நான் அந்தக் கூடைக்குள் ஏறி நிற்க வேண்டும், கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டைக்கோஸ் மாதிரி. லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறார்கள். இந்தத் தடவை எவ்வளவு காட்டியது என்று நான் எழுதப்போவதில்லை.

இனிமேல் எனக்கு எழுதும்போது நீ சிரிக்க வைக்க வேண்டாம். சும்மா எழுது. ஒன்றும் எழுத வரவில்லை என்றால் வெறும் காகிதத்தை மடித்து அனுப்பு.

தம்பி


அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பதில் போட நாளாகிவிட்டது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்கள். மூச்சுத் திணறல்தான். இப்போது வீட்டில் இருக்கிறேன். நலமாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. படி ஏற உன் மாமா தூக்க வேண்டியிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது. உன் மருமகள் பக்கத்தில் படுத்திருந்தாள், கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

நீ கூடைக்குள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது.

எவ்வளவு குறைஞ்சிருக்கே?

அக்கா